கருப்பு இ-கிளாஸ்: எந்தக் குரோமை மறைப்பது, எதை விடுவது

2023 ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷட்டரைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், திருப்பூரிலிருந்து ஒரு கருப்பு மெர்சிடிஸ் எங்கள் கோயம்புத்தூர்ப் பட்டறைக்கு வந்தது. 2019 மாடல் இ-கிளாஸ், ஈ 220 டி, 61,000 கிலோமீட்டர் ஓடியது. உரிமையாளர் பனியன் ஏற்றுமதி செய்பவர். சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவர் கேட்டது தெளிவாக இருந்தது. வண்டி முழுக்க சாட்டின் கருப்பு ரேப், அதாவது பளபளப்பு குறைந்த கருப்பு ஃபிலிம் ஒட்டுவது. குரோம் அத்தனையும் கருப்பு. 20 அங்குலக் கருப்பு அலாய் சக்கரங்கள். பின் விளக்குகளுக்குப் புகை நிற ஃபிலிம். கண்ணாடிகளுக்கு அடர்ந்த கூலிங் ஃபிலிம். முடிந்தால் வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தவும் வேண்டும். போனில் ஒரு படத்தைக் காட்டி, "தம்பி, வெள்ளையா ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாதுங்க" என்றார்.

கடைசியில் இவற்றில் பெரும்பாலானவற்றை நாங்கள் செய்யவில்லை. ஆனால் அவர் விரும்பிய கம்பீரம் வண்டிக்கு வந்தது. எதை எந்தக் காரணத்துக்காக விட்டோம், எங்கே தவறினோம் என்பதை விவரமாக எழுதுகிறேன். கருப்பு வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து இதே பட்டியல் மாதத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வருகிறது.

கருப்பில் வடிவம் எங்கே தெரிகிறது

வெள்ளி நிற வண்டியில் ஒவ்வொரு வளைவுக்கும் வெளிச்சமும் நிழலும் விழும். கதவின் நடுப்பகுதி வெளுத்தும் கீழ்ப்பகுதி இருண்டும் தெரிவதால், கண் அதை வைத்தே உருவத்தைப் புரிந்துகொள்ளும். கருப்புக்கு அந்த வசதி இல்லை. அதன்மேல் விழும் நிழல் கண்ணுக்குப் புலப்படாது. பத்தடிக்கு அப்பால் கருப்பு வண்டியின் உருவத்தைக் காட்டுபவை இரண்டுதான்: பரப்பில் பளிச்சென்று ஓடும் பிரதிபலிப்புக் கோடுகள், ஓரங்களில் இருக்கும் குரோம்.

இந்த இ-கிளாஸுக்கு இது இன்னும் பொருந்தும். 2016 ஜனவரியில் டெட்ராய்ட்டில் அறிமுகமான தலைமுறை இது. கார்டன் வாகனர் தலைமையிலான வடிவமைப்புக் குழு, கூர்மையான மடிப்புகளைக் குறைத்து வழவழப்பான பரப்புகளையே நம்பி வரைந்த உடல். இந்தியாவுக்கு 2017 பிப்ரவரியில் வந்தது நீள வீல்பேஸ் வடிவம், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் கூடியது. வெளிநாட்டு இ-கிளாஸின் வீல்பேஸ் 2,939 மில்லிமீட்டர், நம்முடையது 3,079. கூடுதலாக உள்ள 140 மில்லிமீட்டரும் பின் இருக்கைக்கும் பின் கதவுக்கும் போயிருக்கிறது. அதனால் பக்கவாட்டில் பார்த்தால் வண்டி நீளம், சக்கரம் சிறிது. அந்த நீளத்தை ஒரே வீச்சாக இழுத்துக் காட்டுவது ஜன்னல்களைச் சுற்றி ஓடும் குரோம் வளையம்.

சாட்டின் ரேப் பிரதிபலிப்பைக் கலைத்துவிடும். குரோமை மறைத்தால் ஓரக்கோடும் போய்விடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஐந்து மீட்டர் நீள வண்டி ஒரே கட்டியாகத் தெரியும். மடிப்புகள் நிறைந்த ஸ்போர்ட்ஸ் கூபேயில் சாட்டின் அழகாக இருக்கும், ஏனென்றால் மடிப்பே அங்கே கோடு போட்டுக் கொடுக்கிறது. அவர் காட்டிய படமும் அப்படிப்பட்ட வண்டிதான். இதை நான் வாயால் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. "ஒரு கதவுல ஒட்டிக் காமிங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்றார். நியாயமான கோரிக்கை.

எங்கள் தவறு

மாதிரி ஒட்டுவதற்கு எங்கள் பையன் வலது பின் கதவைத் தேர்ந்தெடுத்தான். அது ஷட்டருக்குப் பக்கத்தில் இருந்தது, வெளிச்சம் நன்றாக விழும், அவ்வளவுதான் காரணம். பெயின்ட் தடிமனை அளக்கும் முன்பே ஒட்டியாயிற்று. அந்த வரிசையை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஃபிலிமை உரித்தபோது, கைப்பிடிக்குக் கீழே பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு கிளியர் கோட்டும், அதாவது நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சும், சேர்ந்து வந்தது. அதன் பிறகுதான் மீட்டரை எடுத்தோம். மற்ற இடங்களில் 105 முதல் 130 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கம்பெனி பெயின்ட் அந்த அளவில்தான் இருக்கும். இந்தக் கதவில் 260 முதல் 340. அதாவது முன்பு எங்கோ டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, திரும்ப அடித்த கதவு. அடித்தவர் பழைய பரப்பைச் சரியாகச் சுரண்டாமல் விட்டதால் மேல் அடுக்கு பிடிக்கவில்லை. விற்றவர் இதைச் சொல்லியிருக்கவில்லை, வாங்கியவருக்கும் தெரியாது.

மீட்டர் பற்றி ஒரு விஷயம். இந்த வண்டியின் போனட், முன் ஃபெண்டர்கள், டிக்கி மூடி ஆகியவை அலுமினியம். கதவுகள் உள்ளிட்ட மற்றவை பெரும்பாலும் இரும்பு. காந்த முறையில் மட்டும் அளக்கும் விலை குறைந்த மீட்டர் அலுமினியத்தில் எதையும் காட்டாது. இரண்டு உலோகத்துக்கும் அளக்கிற மீட்டர் வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இப்படி ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிப் போனால்கூடப் போதும்.

போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். கதவின் பெயின்ட் செலவு எங்களுடையது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வண்டி முழுக்க ஒட்டியிருந்தா ரெண்டு வருசம் கழிச்சு உரிக்கறப்பத்தான இது தெரிஞ்சிருக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். சாட்டின் பேச்சு அன்றோடு முடிந்தது.

"கருப்புதான, கலர் மேட்ச் பண்றது சுலபம்" என்று பெயின்ட் கடையிலேயே சொல்வார்கள். உலோகத் துகள் கலக்காத கருப்புக்கு அது ஓரளவு உண்மை. இந்த வண்டியின் அப்சிடியன் பிளாக், நிற எண் 197, உலோகத் துகள் கலந்த கருப்பு. நிழலில் வெறும் கருப்பாக இருக்கும். வெயிலில் நிறுத்தினால் உள்ளிருந்து பொடி மின்னும். அந்தத் துகள் எப்படிப் படுக்கிறது என்பது ஸ்ப்ரே கன்னின் அழுத்தம், தூரம், பெயின்ட்டின் ஈரம் எல்லாவற்றையும் பொறுத்தது. அட்டைகளில் மூன்று மாதிரி அடித்து, மதிய வெயிலில் கதவின் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். கதவைத் தகடு வரை சுரண்டி, பிரைமரிலிருந்து ஆரம்பித்தோம். நிற அடுக்கை முன் கதவின் பின்பாதியிலும் பின் குவார்ட்டர் பேனலின் முன்பகுதியிலும் மெல்ல மங்கவிட்டு, கிளியர் கோட்டை மட்டும் மூன்று பகுதிகளிலும் முழுதாக அடித்தோம். வெட்டினாற்போல் கதவின் ஓரத்தில் நிறத்தை நிறுத்தியிருந்தால் வித்தியாசம் உடனே தெரிந்திருக்கும்.

பனியன் துணி

மற்ற பகுதிகளின் பெயின்ட் கெட்டுப்போகவில்லை, ஆனால் மங்கியிருந்தது. எல்.இ.டி. விளக்கைப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். டிரைவர் அண்ணனிடம் எப்படித் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசு தட்டுவாராம். டிக்கியைத் திறந்து காட்டினார்: ஒரு பை நிறைய பனியன் வேஸ்ட், முதலாளியின் கம்பெனியிலிருந்தே வந்தது. பருத்தித் துணி மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் ஓரத்தில் ஓவர்லாக் தையல் இருக்கிறது, அதில் ஓடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல். அதைவிட மோசம், வண்டியின் மேல் இருக்கும் மண் துகளைத் துணி வாரிக்கொண்டு பரப்பு முழுக்க இழுக்கிறது. வெள்ளை வண்டியில் இதைச் செய்தால் ஐந்து வருடம் யாருக்கும் தெரியாது. கருப்பில் மூன்றே மாதம்.

இரண்டாவது பிரச்சினை தண்ணீர். வீட்டில் போர் தண்ணீர். சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த அந்த உப்புத் தண்ணீர் வெயிலில் காயும்போது, ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுச் செல்கிறது. கருப்பு பேனல் வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைத் தெருக்களில் இந்தக் கறையை இவ்வளவு மோசமாக நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, போனட்டில் நட்சத்திரச் சின்னத்துக்குப் பின்னால் மூன்று மங்கலான வட்டங்கள். பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். பொட்டு ஈரத்தோடு நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் சாயம் கிளியர் கோட்டில் இறங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாறு பட்ட இடமும் அப்படித்தான், அமிலம் அரித்துவிடும்.

வேலையின் இந்தப் பகுதிக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று. முதலில் கழுவி, பெயின்ட்டில் குத்தியிருக்கும் பிரேக் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் தெளித்தோம். கருப்பின்மேல் அது ஊதாவாக ஒழுகுவதைப் பார்த்துத்தான் டிரைவர் அண்ணனே அசந்துபோனார். பிறகு களிமண் கட்டி தேய்த்து வழவழப்பாக்கினோம். அதன் பின் பாலிஷ். போனட்டின் ஒரு மூலையில் மிக மென்மையான பேடையும் பாலிஷையும் வைத்துப் பார்த்தோம். போதவில்லை என்றதும் ஒரு படி ஏறினோம். முதலிலேயே கடினமான காம்பவுண்ட்டை எடுத்து ரோட்டரியில் ஓட்டினால் அரை நாளில் பளபளவென்று ஆகிவிடும், ஆனால் வெயிலில் வந்ததும் ஹாலோகிராம் மாதிரி அலை அலையாகக் கோடு தெரியும். கருப்பு அதை மன்னிக்கவே மன்னிக்காது. அதனால் சுழன்றபடியே அசையும் டூயல் ஆக்‌ஷன் மிஷினில், வெட்டுவதற்கு ஒரு சுற்று, மெருகுக்கு ஒரு சுற்று.

போனட்டில் நாங்கள் எடுத்தது 3 முதல் 4 மைக்ரான். கிளியர் கோட்டே 40 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. வெயிலைத் தாங்குகிற அடுக்கும் அதுதான். டிக்கி மூடியில் இரண்டு ஆழமான கீறல்களை முழுதாக எடுக்காமல் ஓரத்தை மட்டும் மழுக்கிவிட்டோம். அவற்றைத் துரத்திப் போனால் அடுத்த முறை பாலிஷ் போட அங்கே எதுவும் மிஞ்சாது. குங்கும வட்டங்களில் இரண்டு போயின. மூன்றாவது, தெரிந்தவர் தேடினால் தெரியும்.

நாடா ஒட்டிப் பார்த்தது

குரோம் விஷயத்தில் அவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் வாதாட விரும்பவில்லை. ஐம்பது ரூபாய்க்குக் கருப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி, இடது பக்கக் குரோம் முழுவதையும் மூடினோம். குரோம்மேல் ஒட்டுவதால் பெயின்ட்டுக்குப் பயமில்லை. வலது பக்கத்தை அப்படியே விட்டோம். மாலை ஆறு மணிக்கு எதிரே உள்ள மைதானத்தில் நிறுத்தி, இருபது அடி தள்ளி நின்று இரண்டு பக்கமும் பார்த்தோம். அவர், அவர் மனைவி, டிரைவர் அண்ணன், நாங்கள் இரண்டு பேர்.

முதலில் சொன்னது அந்த அக்காதான்: "இந்தப் பக்கம் வண்டி குட்டையாத் தெரியுதுங்க." சரியாகச் சொன்னார். ஜன்னல் வளையம் மறைந்ததும், இருண்ட கண்ணாடியும் கருப்புக் கூரையும் ஒன்றாகிவிட்டன. கூரை எங்கே வளைந்து இறங்குகிறது என்பது தெரியவில்லை. 140 மில்லிமீட்டர் அதிக நீளம் எங்கோ காணாமல் போய், நடுவில் ஒரு பாரம் மட்டும் தெரிந்தது. ஜன்னல் பகுதியின் டேப்பை மட்டும் அங்கேயே உரித்தேன். வண்டி மறுபடி நீண்டது.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டும் எடுத்தும் பார்த்தோம். முன் பம்பரின் கீழ்க் குரோம் பட்டையை மறைத்தபோது முகம் தாழ்ந்து அகலமாகத் தெரிந்தது; அது கண்ணைத் தரைக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பின் பம்பர் பட்டையும் புகைக்குழாய் ஓரங்களும் அதே மாதிரி. அவற்றை மறைக்க முடிவு செய்தோம். கிரில்லின் குறுக்குப் பட்டைகள், போனட் மேல் நிற்கும் நட்சத்திரம், ஜன்னல் வளையம் அப்படியே இருக்கட்டும் என்றார் அவரே. டிக்கியின் எழுத்துகளை எடுத்தோம்: பேனலை லேசாகச் சூடாக்கி, தூண்டில் நூலை ரம்பம் போல இழுத்தால் பசையோடு வந்துவிடும். அடியில் எழுத்தின் நிழல் தங்கியிருந்தது, பாலிஷில் போயிற்று. நட்சத்திரம் மட்டும் அங்கே தனியாக நிற்கிறது, நன்றாக இருக்கிறது.

பட்டைகளைப் பெயின்ட் அடிக்காமல் பளபளப்புக் கருப்பு வினைல் ஒட்டினோம். குரோமின்மேல் பெயின்ட் நிற்பதற்கு அதைச் சொரசொரப்பாக்க வேண்டும், பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. வினைலை நாளைக்கே உரித்துவிடலாம். பம்பரின் பார்க்கிங் சென்சார்கள்மேல் எதையும் ஒட்டவில்லை.

சக்கரம்

வண்டியில் இருந்தது 225/55 ஆர்17 டயர், அதாவது 17 அங்குலச் சக்கரம். அவர் கேட்டது 20 அங்குலம். 245/35 ஆர்20 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாது, கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் டயரின் பக்கச் சுவர் 124 மில்லிமீட்டரிலிருந்து 86 ஆகக் குறையும். திருப்பூருக்கும் கோவைக்கும் நடுவே தினம் ஓடுகிற வண்டி, மழைக்காலத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் நேரடியாக அடி வாங்கும். 245/45 ஆர்18 எடுத்தோம். விட்டத்தில் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, பக்கச் சுவர் 110. ஸ்பீடோமீட்டரும் ஏ.பி.எஸ்.ஸும் குழம்பாது. துளை அமைப்பு 5x112, அதாவது 112 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட் துளை; நடுத்துளை 66.6 மில்லிமீட்டர். நடுத்துளை பெரிதாக உள்ள பொது ரகச் சக்கரத்தை வளையம் இல்லாமல் மாட்டினால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அதனால் நேராக 66.6 உள்ளதையே வரவழைத்தோம்.

நிறம்தான் முக்கியம். கருப்பு வண்டியில் கருப்பு அலாய் போட்டால் டயர், ரிம், சக்கர வளைவின் உள்ளிருட்டு மூன்றும் சேர்ந்து ஒரு ஓட்டையாகிவிடும். 18 அங்குலம் 16 மாதிரித் தெரியும். இரண்டு மாதிரிகளைச் சக்கரத்தின் முன் நிறுத்திப் பார்த்ததும் அவரே கன்மெட்டல் சாம்பலைக் கேட்டார். வெள்ளியின் பளீரும் இல்லை, ஆனால் கம்பிகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன.

தாழ்த்துவதை நேராக மறுத்துவிட்டேன். வீல்பேஸ் நீளும்போது வேகத்தடையில் நடுவயிறு தட்டும் வாய்ப்பும் கூடுகிறது. இந்த வண்டியில் ஏற்கெனவே ஆட்கள் ஏறி உட்கார்ந்தால் சில தடைகளை மூலைவாட்டில்தான் ஏற வேண்டியிருக்கிறது.

சட்டம்

பின் விளக்குப் புகை ஃபிலிமையும் மறுத்தேன். பிரேக் விளக்கு மங்கினால் பின்னால் வருகிற லாரிக்காரருக்குத் தெரிவது தாமதமாகும். அதற்குமேல் எனக்குக் காரணம் தேவையில்லை. கண்ணாடியில் எந்த அளவிலும் கருப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் ஒளி புக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 100. அந்த அளவுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது எங்கள் வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து. அவர் கேட்ட அடர்த்தி எந்தக் கணக்கிலும் அதற்குள் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். நிறம் ஆர்.சி.யில் உள்ள விவரம். நாங்கள் கருப்பைக் கருப்பாகவே விட்டதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

கடைசி அடுக்கு

முன் பம்பர், போனட், முன் ஃபெண்டர்கள், கண்ணாடிக் காதுகள் ஆகியவற்றுக்கு 190 மைக்ரான் பி.பி.எஃப்., அதாவது பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் ஃபிலிம். நெடுஞ்சாலைக் கல் தெறிப்பைத் தாங்குவது அதுதான். மற்ற இடங்களுக்கு செராமிக் கோட்டிங். இது ஒன்றிரண்டு மைக்ரான்தான். தண்ணீர் ஒட்டாமல் வழுக்கும், கழுவச் சுலபம். கல்லைத் தடுக்காது, பனியன் துணிக் கீறலையும் முழுதாகத் தடுக்காது. "ஒருவாட்டி போட்டா அஞ்சு வருசம் தொடவே வேண்டாம்" என்று விற்பவர்களால்தான் எங்களிடம் இவ்வளவு வேலை வருகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த கதவையும் அதன் இருபுறத்தையும் ஒரு மாதம் அப்படியே விட்டு, பெயின்ட்டின் ஆவி முழுதாக வெளியேறிய பிறகு திரும்ப வரவழைத்துக் கோட்டிங் போட்டோம்.

டிரைவர் அண்ணனுக்கு இரண்டு வாளி, ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, ஒரு பெரிய டவல் கொடுத்தோம். காய்ந்த துணி தொடவே கூடாது, போர் தண்ணீரில் கழுவினால் நிழலில் நிறுத்தி உடனே ஒற்றி எடுக்க வேண்டும் என்று சொன்னோம். ஒரு மணி நேரம் நின்று அவர் கையாலேயே ஒரு பக்கம் கழுவ வைத்தேன். கோட்டிங்கைவிட அந்த ஒரு மணி நேரம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அக்டோபரில் ஆயுத பூஜைப் படம் அனுப்பினார்கள். பொட்டு முன் கண்ணாடியின் ஓரத்திலும் நம்பர் பிளேட்டுக்கு மேலேயும் இருந்தது. போனட்டில் பூ மட்டும்.

எட்டு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில் சோதனைக்கு வந்தது. பி.பி.எஃப்.பில் பதினொரு கல் அடிகள், ஒன்றுகூடப் பெயின்ட்டைத் தொடவில்லை. பின் பம்பர் வினைலின் ஒரு முனை தூக்கியிருந்தது, மாற்றிக் கொடுத்தோம். கதவுகளில் சிலந்தி வலை இல்லை. டிக்கி மேல்பரப்பில் மட்டும் மெல்லிய கீறல்கள். டவலைக் கீழே போட்டுவிட்டு உதறாமல் துடைத்ததாக டிரைவர் அண்ணனே சொன்னார்.

போகும் முன் வண்டியை மேற்கு பார்க்க நிறுத்தச் சொன்னேன். மாலை நாலரை மணி வெயிலில், வலது பின் கதவில் மட்டும் துகள் கொஞ்சம் கரடாக மின்னுகிறது. முன் கதவிலிருந்து மெல்ல மாறி வருவதால் பார்த்தவுடன் தெரியாது. அவருக்குத் தெரியவில்லை. விரலால் தொட்டுக் காட்டினேன். குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "இப்பத் தெரியுதுங்க தம்பி" என்றார்.